எண்பத்தெட்டு டிகிரி, ஐந்நூற்றொரு சுற்று

1988 ஆடி மாதம். ஒரு தொட்டிக் கஞ்சியை எண்பத்தெட்டு டிகிரிச் சூட்டில் நிறுத்தி வைப்பதற்காகக் கோயம்புத்தூர்க் கம்பெனி என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பியது. குடிக்கிற கஞ்சி இல்லை. தறிக்குப் போகிற பாவு நூலுக்கு விறைப்பு ஏற்றுவதற்காக மரவள்ளி மாவில் காய்ச்சுகிற கஞ்சி. நூல் அந்தத் தொட்டிக்குள் முங்கி எழுந்து, சூடான உருளைகளின் மேல் காய்ந்து, மறுபக்கம் போய்ச் சுற்றிக்கொள்ளும். கஞ்சி ஆறினால் கட்டி தட்டும். கொதித்தால் நீர்த்துப்போய் நூலில் ஒட்டாது. இரண்டில் எது நடந்தாலும் தறியில் பாவு அறும். நெசவாளி நேரே ஆறுமுகச்சாமி முதலாளியின் சைசிங் மில் வாசலுக்கு வந்து, அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டுப் போவான்.

மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டிருந்தேன். முடித்துவிட்டுப் பக்கத்திலிருக்கிற புளியங்குடிக்குப் போய் உம்மா கையால் நாலு நாள் சாப்பிடுவதாகத் திட்டம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெயர் மைதீன் பாட்சா. மூக்கு நுனியில் கோபம். நான் செய்ததில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால், சொன்னவனிடம்தான் ஏதோ கோளாறு என்று நம்புகிற ரகம்.

நான் கொண்டுபோனது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பி.எல்.சி. என்று பெயர். கம்ப்யூட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கஞ்சியின் சூட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீராவி வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்று காற்றுக் குழாய் வழியாக உத்தரவு போடும். பக்கத்தில் ஒரு பேனா, ஓடுகிற காகிதத்தில் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். கோடு நேராகப் போனால் நான் கெட்டிக்காரன்.

அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் உச்சிமாகாளி. முப்பது வயது. ஒன்பது வருஷமாக நீராவி வால்வின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றவன். அவன் இடத்துக்குப் பெட்டியை வைக்க வந்திருக்கிறேன், என்னை முறைப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவனோ பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மில் வந்து சேர்வதற்குள் நாலு தடவை கேட்டுவிட்டான்.

“எப்ப பாய் ஓட்டுவிய? கொடியேத்தத்துக்கு முன்னால ஓடிருமா?”

காரணம் அன்று மத்தியானமே தெரிந்தது. அவன் மனைவி இசக்கித்தாய் சோற்றுத் தூக்குச்சட்டியோடும் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடும் வந்தாள். வந்தவள் என்னிடமே முறையிட்டாள். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனபின், மூன்றாவது நல்லபடியாகப் பிறந்தால் கோமதியம்மனுக்கு ஆடிச்சுற்று ஐந்நூற்றொன்று என்று நேர்ந்திருக்கிறாள். கொடியேறிய நாளிலிருந்து ஆடித்தபசு வரைக்கும் பன்னிரண்டு நாளைக்குள் கோயிலைச் சுற்றி முடிக்க வேண்டும். நேர்ந்தது அவள், நடக்க வேண்டியது அவன். கலந்துகொண்டு நேர்வது அந்த வீட்டில் வழக்கமில்லை போலிருக்கிறது.

பிள்ளை கோமதித்தாய்க்கு இப்போது மூன்று வயது. முதல் வருஷம் மில்லில் லீவே கிடையாது. மறுவருஷம் நாற்பத்தொரு சுற்று. போன வருஷம் அறுபத்து மூன்று. தீபாவளித் துணிக்கு மில் பகலெல்லாம் ஓடுகிற மாதம் அது. ஒரே ஒரு தடவை வேறு ஆளை வால்வில் நிறுத்திப் பார்த்ததில் கஞ்சி அடிப்பிடித்துப் போனது.

“போன வருசத்து அறுவத்தி மூணையும் இந்த வருசத்தோட சேக்க முடியாதுண்ணே. மறுக்க ஒண்ணுல இருந்துதான்,” என்றாள் இசக்கித்தாய். “புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்கு ஈரக்கொலை நடுங்குது. கடன் நிக்கில்லா?”

சொல்லிக்கொண்டே பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். உச்சிமாகாளி சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆறுமுகச்சாமி அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். பெட்டி தானாகச் சூட்டைப் பிடித்து நிறுத்தட்டும், மறுநாளே லீவு. தபசு முடிந்து வந்தால் கஞ்சி காய்ச்சுகிற பக்கம் வேலை. ஆக, அந்த ஊரில் என் பெட்டி ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஒரே ஆள் உச்சிமாகாளிதான்.

பெட்டியை மாட்டி முடிக்கவே கொடியேற்றம் வந்துவிட்டது. முதலாளி வெற்றிலையை அதக்கிக்கொண்டு வந்து, பெட்டியின் கதவைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னவே இருக்கு?”

பி.ஐ.டி. கணக்கு என்று சொன்னால் முறைப்பார் என்று, “மூணு பேரு இருக்கான் அண்ணாச்சி,” என்றேன். “மொத ஆளு, இந்த நிமிசம் சூடு எவ்வளவு கொறையுதோ அவ்வளவுக்குச் சத்தம் போடுவான். கொஞ்சம் கொறைஞ்சா கொஞ்சம் சத்தம், ரொம்பக் கொறைஞ்சா ரொம்பச் சத்தம். நேத்து நடந்தது அவனுக்கு ஞாபகமே இருக்காது.”

உச்சிமாகாளி முதலாளியைப் பார்த்தான். சட்டென்று குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான்.

“ரெண்டாவது ஆளு, இதுவரைக்கும் வந்த கொறையை எல்லாம் ஒண்ணுவிடாமக் கூட்டி வச்சுக்கிட்டே வருவான். கொறை தீருற வரைக்கும் விடவே மாட்டான்.”

“எங்க வீட்டுக்காரி,” என்றான் உச்சிமாகாளி, கீழே தேடியபடியே.

“மூணாவது ஆளு, சூடு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாத்து, வந்து சேருறதுக்கு முன்னாலயே பதறிப் பிடிச்சு இழுப்பான். மூணு பேரும் சொல்லுறதைக் கூட்டித்தான் வால்வு திறக்கும். எவன் எவ்வளவு சத்தமாப் பேசணும்னு நம்பர் போடுறது என் வேலை.”

“அப்போ நாங்க மூணு பேரும் செய்யிததத்தான் இது செய்யிதுன்னு சொல்லும்,” என்றார் முதலாளி. புரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புரிந்துகொள்ளுகிற மனுஷன் அவர்.

ஓட்டினேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஊருக்கு முன்னால் பெட்டி சடாரென்று பாய்ந்து சூட்டைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், முதல் ஆளின் சத்தத்தை வேண்டியதைப் போல இரண்டு பங்கு ஏற்றி வைத்திருந்தேன். சூடு எண்பத்தெட்டைத் தாண்டித் தொண்ணூற்றொன்றுக்குப் போனது, பயந்து எண்பத்தைந்துக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. காகிதத்தில் பேனா கோலம் போட்டது. நம்பரைக் குறைத்து அரை நாள் பொறுமையாக உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஆனால் முதலாளி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னவே, கோடு குடிச்சவன் நடக்க மாதிரி போவுது?”

பின்னால் பத்துப் பதினைந்து ஆட்கள். என் நம்பர் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நீராவி அறையில் நின்று நின்று இரண்டு முழங்கையிலும் வேர்க்குரு பொரிந்து ஒரே அரிப்பு. அதைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டே சொன்னேன்.

“கம்பியில கோளாறு அண்ணாச்சி. சூடு பாக்கிற கம்பி. நமக்குத் தோலு மாதிரி இதுக்கு அதுதான். வேற கம்பி கோயம்புத்தூர்ல இருந்து வரணும்.”

“எத்தன நாளாவும்?”

“ஒரு வாரம்.”

ஒரு வாரம் என்றதும் உச்சிமாகாளியின் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம்பரைச் சரிபண்ணிவிட்டு, ‘கம்பியைச் சுத்தம் பண்ணினேன், சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு பரோட்டா தின்னப் போனேன்.

திரும்பி வந்து நம்பரைக் குறைத்தேன். கோடு அடங்க வேண்டும். அடங்கவில்லை. மூன்று டிகிரி ஆடிக்கொண்டிருந்தது எட்டு, பத்து டிகிரி ஆடியது. இன்னும் குறைத்தேன். மெதுவாக, பெரிய பெரிய மலையாக ஏறி, அதைவிடப் பெரிய பள்ளமாக இறங்கியது. பேனா எண்பத்தாறைக் காட்டும்போதே தொட்டியில் கஞ்சி கொதித்து வழிந்தது. தொண்ணூறைக் காட்டும்போது மேலே ஆடை படிந்து கட்டி தட்டியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது குரங்காகவும் முடியவில்லை.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் போனது. மூன்று ஆட்களையும் மாற்றி மாற்றி அதட்டினேன், அடக்கினேன், ஒருத்தனை வாயை மூடச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. மில் நிற்கக்கூடாது என்பதற்காகப் பெட்டியைப் பாதி நேரம் அணைத்துவிட்டு உச்சிமாகாளியே பழைய சக்கரத்தைப் பிடித்து நின்றான். பெட்டியின் வால்வைத் தொடாமல் நீராவி போகிற பக்கவழியில் அந்தக் கைவால்வு அப்படியே இருந்தது. இசக்கித்தாய் சோறு கொண்டுவரும்போதெல்லாம் போன நாட்களைக் கூட்டிச் சொன்னாள்.

“மூணாந்திருநாளு முடிஞ்சிட்டு. ஒரு சுத்துக்கூட ஆவல.” மறுநாள், “நாலு முடிஞ்சிட்டு.” அதோடு புருஷனைப் பார்த்து ஒரு இடி. “வருசா வருசம் ஒரு சாக்கு. ஒருக்க வால்வும்பாரு, ஒருக்க பெட்டிம்பாரு, இப்ப கம்பியாம். ஆடத் தெரியாதவ தெருக்கோணல்ன்னாளாம்.”

அவள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குக் காது சுட்டது.

சூடு எனக்குத் தலைக்கேறினால் புத்தி வேறு பக்கம் போகும். பேனா எண்பத்தாறில் நிற்கும்போது கஞ்சி எப்படிக் கொதிக்கிறது? யாரோ பக்கவழி வால்வைத் திறக்கிறான். யார்? ஒன்பது வருஷம் அந்தச் சக்கரத்தைப் பிடித்தவன்தான். பெட்டி வந்தால் வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் பயம், வெளியே பாசாங்கு. இப்படி ஒரு கதையைக் கட்டிக்கொண்டு, நாலாம் நாள் சாயங்காலம் பழைய சக்கரத்துக்கும் குழாய்க்குமாக ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போனேன். காலையில் நான் வருவதற்கு முன்னால் யாராவது சக்கரத்தைத் திருப்பி வைத்தால் நூல் அறுந்து கிடக்கும்.

காலையில் பார்த்தால் நூலே இல்லை. உச்சிமாகாளி மட்டும் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான்.

நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உச்சிமாகாளியைக் கூப்பிட்டார்.

“ஏலே, சக்கரத்தத் திருப்புனியா?”

“இல்ல மொதலாளி.”

“நூலு எங்கல?”

உச்சிமாகாளி இடுப்பிலிருந்து ஒரு நூல் கொத்தை எடுத்துக் காட்டினான். அதில் என் நூலும் இருந்தது. “சக்கரத்துல தொங்குச்சு, எடுத்தேன்,” என்றான். அது அந்த மில்லில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். துண்டு நூல் எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து இடுப்பில் சொருகிவிடுவார்கள். விட்டால் பாவில் போய்ச் சிக்கி ஆயிரம் இழையைக் குழப்பிவிடும். மில்லுக்கு வந்து ஒரு வாரமான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் கோபத்தில் இருந்தேன், எனக்கு அது சாக்காகத்தான் பட்டது.

“நாளைக்கும் பெட்டி நிக்கலன்னா,” என்றார் முதலாளி, “லீவும் கெடையாது, வேலையும் கெடையாது. போயி நில்லுல.”

அவன் நேரே போய்ச் சக்கரத்தைப் பிடித்து நின்றான். அதுதான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. நானாக இருந்தால் இந்நேரம் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஆறாம் நாள் காலையில், வேறு வழி தெரியாமல், செய்ய வேண்டிய முதல் வேலையைக் கடைசியாகச் செய்தேன். கம்பியை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நூறு காட்டுகிறதா என்று பார்ப்பது. தொட்டியின் விளிம்பிலிருந்து கஞ்சிக்குள் இறங்குகிற, அடி மூடிய ஒரு எஃகுக் குழல் இருக்கிறது. கம்பி அதற்குள்தான் இருக்கும். மூடியைத் திருகி இழுத்தேன். வரவில்லை. பலம் கொடுத்து முறுக்கி இழுத்ததும் கரகரவென்று வந்தது. கம்பி முழுக்க, சுட்ட செங்கல் மாதிரி இறுகிப்போன மண்.

முகர்ந்து பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. கோமதியம்மன் கோயில் புற்றுமண். ஏழு வயதில் எனக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்தபோது, வாப்பா எலுமிச்சை மண்டிக்குப் போன நேரம் பார்த்து உம்மா அந்த மண்ணைக் குழைத்து எனக்குப் பூசிவிட்டது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்தது. சொறி சிரங்குக்குச் சாதி மதம் கிடையாது என்று உம்மா சொன்னாள். வாப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. காய்ந்த மண்ணுக்குள் சூடு நுழைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. அதற்குள் பெட்டி, ‘இன்னும் சூடு போதவில்லை’ என்று நீராவியை அள்ளி ஊற்றுகிறது. சூடு போதும் என்று கம்பிக்குத் தெரியும்போது கஞ்சி கொதித்தே முடிந்துவிடுகிறது. உள்ளே இருந்த மூன்று பேரும் பாவம், நேற்றைய செய்தியை வைத்து இன்றைக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

“உச்சிமாகாளி!” நான் போட்ட சத்தத்தில் பாய்லர்க்காரன் எட்டிப் பார்த்தான்.

அவன் வந்தான். என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தான். பயப்படவில்லை. ஆவலாகக் கேட்டான்.

“கேட்டுட்டா பாய்?”

“என்ன கேட்டுட்டா?”

“சீக்கு. கம்பிக்குக் கோளாறு, அதுக்கு அதுதான் தோலுன்னு சொன்னிய. தோலுக்கு இத விட்டா வேற மருந்து ஏது? நீங்க பரோட்டாக் கடைக்குப் போனப்ப ஓடிப்போயி வாங்கியாந்து, நல்லாக் கொழச்சு ஊத்திவிட்டேன். கம்பியில ஒரு கீறல் படல பாய், அவ்வளவு பதனமாச் செஞ்சேன்.”

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். கம்பிக்குச் சீக்கு என்று சொன்னவன் நான். இந்த மண்ணுக்கு ஒரு பூசாரி உண்டென்றால் அது நானேதான். ஐந்து நாள் போயிருந்தது. வீட்டில் ஒரு தாய் பிள்ளை தும்முகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவனை நான் திருடன் மாதிரி முதலாளி முன்னால் நிறுத்தியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவது எனக்குப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

“மண்ணு இருந்தா சூடு லேட்டாத் தெரியும்யா,” என்றேன். “எடுக்கணும். நீயே எடு. எங்க போடணுமோ அங்கன போடு.”

அவன் முகம் சுருங்கியது. இருந்தாலும் குழலைக் கழற்றி, வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழுவி, அந்த மண் தண்ணீரை ஒரு சொட்டுக்கூடச் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்து மில் முற்றத்து வேப்பமரத்தின் மூட்டில் ஊற்றினான்.

“வெறுங்கொழலா விட்டுரவா பாய்?” அவனுக்கு மனசு ஆறவில்லை.

“வேண்டாம். எண்ணெய் ஊத்து.”

“நெசமாவா?”

நிஜம்தான். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் சூடு சீக்கிரம் கம்பிக்குப் போய்ச் சேரும், புத்தகத்திலேயே உண்டு. அவனுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. நல்லெண்ணெய் வாங்கிவர ஓடிய வேகத்தைப் பார்த்தால் ஐந்நூற்றொரு சுற்றை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவான் போலிருந்தது.

கம்பியை இறக்கினேன். இந்தத் தடவை முதல் ஆளின் சத்தத்தைப் பாதியாக்கினேன். இரண்டாமவனை, ‘பழைய குறையை மறக்காதே, ஆனால் மெதுவாகச் சொல்’ என்கிற அளவில் வைத்தேன். மூன்றாமவனுக்குக் கொஞ்சமாக இடம் கொடுத்தேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு ஒரு தடவை எண்பத்தொன்பதைத் தொட்டது, எண்பத்தேழரைக்கு வந்தது, அடங்கி எண்பத்தெட்டில் படுத்தது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அது அசையவில்லை. உச்சிமாகாளியும் அசையவில்லை. பேனாவையே பார்த்தபடி நின்றான்.

முதலாளி வந்து காகிதத்தை இழுத்துப் பார்த்தார்.

“புதுக் கம்பி வந்துட்டா?”

இதோ இங்கே, ‘இல்லை, பழையதையே சுத்தம் பண்ணினேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மானம் தப்பிக்கும். ஆனால் நூல் காணாமல்போன கதை அப்படியே உச்சிமாகாளி தலைமேல் நிற்கும். மண் கதையைச் சொன்னாலும் அவன் தலைதான் உருளும். மிச்சம் இருப்பது என் தலை ஒன்றுதான்.

“பழைய கம்பிதான் அண்ணாச்சி. கம்பியில கோளாறே இல்ல. நம்பர் தப்பாப் போட்டது நான். தப்பு என்னுது.”

மில்லில் சத்தம் நின்றது போல் இருந்தது. உண்மையில் நின்றது, மத்தியானம் சுற்றிய உருளையை அப்போதுதான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது.

“அப்போ நூலு?”

“அவன் தன் வேலையத்தான் பாத்திருக்கான். எனக்குத்தான் உங்க மில்லுப் பழக்கம் தெரியல.”

“பெட்டிக்குள்ள மூணு பேரு இருக்கான்னீரே, அவனுவ?”

“அவனுக மூணு பேரும் நல்லவனுகதான். வெளிய ஒருத்தன் நின்னான்லா, நாலாவது ஆளு, அவன்தான் சரியில்ல.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலை வாயோடு சிரித்ததில் காகிதத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. “என்னவே, நல்லெண்ண வாசம் அடிக்கி?” என்று மோந்து பார்த்தவர், பதிலுக்குக் காத்திராமல் உச்சிமாகாளியின் பக்கம் திரும்பினார். “ஏலே, நாளையில இருந்து லீவு. நான் சொன்ன சொல்ல மனசுல வச்சுக்கிடாத.”

மீதி ஆறு நாள். நாளைக்கு எண்பத்து நாலு சுற்று வீதம் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இசக்கித்தாய் கோபுர வாசலில் மடியில் பருத்திக்கொட்டையோடு உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு கொட்டையாக எடுத்து வைத்தாள். முதல் நாள் நாற்பது சுற்று முடிந்ததும் உச்சிமாகாளி மில் ஜன்னலில் தெரிந்தான்.

“என்ன பாய், கொதிக்கா?”

“கொதிக்கல. போ.”

மறுநாளும் வந்தான். கோட்டைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், பழைய சக்கரத்தை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் வரவில்லை. நடுவில் மில்லுக்குப் போய் வந்ததால் அதற்கு முன்னால் கடைசியாக நடந்த சுற்றுகள் செல்லாது என்று இசக்கித்தாய் பத்துக் கொட்டையை மடியில் திரும்பப் போட்டுவிட்டாளாம். அதற்குப் பிறகு அவன் கோயிலைவிட்டு இம்மியும் நகரவில்லை.

எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. புளியங்குடிக்குப் போயிருக்கலாம். பெட்டி ஏதாவது மக்கர் பண்ணினால் அவனைப் பாதிச் சுற்றில் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டு நானே காவல் இருந்தேன்.

தபசு அன்று மத்தியானம். தவமிருக்கிற அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுப்பது சாயங்காலம். ஊரே கோயில் பக்கம். விவசாயிகள் அம்மனுக்குச் சூறைவிட்டு எறியப் பருத்தியும் வற்றலும் மடி நிறையக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அவசரப் பாவு பாக்கி இருந்ததால் மில் மட்டும் இரண்டு மணி வரைக்கும் ஓடியது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் வந்தார்கள். உச்சிமாகாளி இரண்டு காலையும் அகட்டி அகட்டி வைத்து நடந்து வந்தான். பாதமெல்லாம் கொப்புளம். முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“முடிஞ்சிட்டா?”

“ஐநூத்தி ஒண்ணு,” என்று இசக்கித்தாய் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தையை இறக்கிவிட்டாள். இத்தனை நாளும் அதை அவள் இடுப்பைவிட்டு இறக்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு பாக்கி இருந்தது. முதலாளியிடம் சொன்னேன், இவனிடம் சொல்லவில்லை. “உச்சிமாகாளி, அன்னைக்குக் கம்பிக்குச் சீக்கே இல்ல. நான் பொய் சொன்னேன். என்னாலதான் ஒனக்கு அஞ்சு நாளு கெட்டுச்சு,” என்றேன்.

“தெரியும் பாய்.”

“என்ன தெரியும்?”

“ஒம்போது வருசமாக் கஞ்சி மூஞ்சியப் பாத்தே சூடு சொல்லுதேன், ஆளு மூஞ்சி தெரியாதா? கம்பியில கோளாறுன்னு சொல்லும்போது நீங்க யாரையும் பாக்கல. ரெண்டு கையையும் போட்டு அந்தச் சொறி சொறிஞ்சிய. சரி, சீக்கு கம்பிக்கு இல்ல, பாய்க்குத்தான்னு நெனச்சேன்.” அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். “பாய் கையில கோயில் மண்ணப் பூச முடியுமா? தப்பா நெனச்சிட்டியன்னா? அதான் கம்பிக்குப் பூசுனேன். ஒங்க கம்பிதான?”

பெட்டிக்குள் மூன்று பேர் இருப்பதைச் சொல்லத் தெரிந்த எனக்கு, வெளியே ஒருத்தன் ஐந்து நாளாக என் வேர்க்குருவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றது தெரியவில்லை. அவன் கையில் புற்றுமண் பிரசாதப் பொட்டலம் இருந்தது. எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

“ஏழு வயசுல எங்க உம்மா எனக்கு ஒடம்பு பூராவும் பூசிவிட்டிருக்கா,” என்றேன். “வாப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நீட்டினேன்.

உச்சிமாகாளி இசக்கித்தாயைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். பொட்டலத்தைப் பிரித்து, கஞ்சிக்கு வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, கம்பிக்குப் பூசியதைவிடப் பதனமாகப் பூசினான். மண் குளிர்ச்சியாக இருந்தது.

“காயுத வரைக்கும் கோவப்படாதிங்கண்ணே,” என்றாள் இசக்கித்தாய். “ஒங்களுக்குச் சூடு லேட்டாத்தான் தெரியும்.”